வீடு பூட்டியிருந்தது

சென்ற மாதம் எச்.ஐ.வி. ஆலோசகர்களுக்கான பயிற்சி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். செங்கல்பட்டில்தான். நான் ஓய்வு பெற்று வெகு நாளாகிறது. முழங்கால் வலி, ஒரு காது மந்தம். ஆனாலும் போனேன். இப்போது எல்லாம் கைக்கணினியில் நடக்கிறது. வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் திரையில் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒன்றுக்கு விடை தட்டாமல் அடுத்தது திறக்காது. அவற்றில் ஒன்று, உறவு பெண்களோடா, ஆண்களோடா, இருவரோடுமா என்பது.

இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "சார், உங்க காலத்துல இந்தக் கேள்விய எப்படி சார் கேட்டீங்க? எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்குது."

"காபியா டீயான்னு கேக்கற மாதிரி கேட்கணும்மா. நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேட்டேன்" என்றேன். கை தட்டினார்கள். ஒரு சால்வையும் போர்த்தினார்கள்.

நான் சொன்னது பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாறு வருடங்கள் அந்தக் கேள்வியை நான் அநேகமாக யாரிடமும் கேட்கவில்லை. காபியா டீயா என்பதும் என்னுடைய வாக்கியம் அல்ல. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை. சபேசன்.

எங்கள் குடும்பம் திருக்கழுக்குன்றத்தில் கோயில் பணி செய்த குடும்பம். எம்.ஏ. படித்துவிட்டு டுடோரியல் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில், பால்வினை நோய்களுக்கு ஒரு சிகிச்சை நிலையம் திறந்தது. அந்த நிறுவனம் இப்போது இல்லை. ஆலோசகர் வேண்டும் என்றார்கள். பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டில், 'சுகாதார ஆபீஸில் எழுத்து வேலை' என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவிக்கே இரண்டு வருடம் அவ்வளவுதான் தெரியும்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் சரோஜினி. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். குட்டையான உருவம், பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு. நோயாளி உட்காரும் அதே உயரத்து ஸ்டூலில்தான் அவரும் உட்காருவார். மேசையை நடுவில் வைத்துக்கொள்ள மாட்டார், சுவரோரம் தள்ளிவிடுவார். யாரையும் மணி அடித்துக் கூப்பிட மாட்டார். எழுந்து வாசல்வரை போய், "வாப்பா" என்பார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. 'ஏன்' என்ற கேள்வி அந்த மாடியில் கிடையாது. "யாரு, எப்போ, எப்படி. இது மூணும் வைத்தியத்துக்கு வேணும். ஏன்னு கேக்கறது போலீஸ்காரன் வேலை" என்பார்.

அந்தக் கேள்வியை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "ஆறு மாசத்துல யார்கூட இருந்தேப்பா, பொம்பளையா, ஆம்பளையா, ரெண்டுமா? ஒரே மூச்சுல கேட்டுடு, சபேசன். நடுவுல நிறுத்தினா நிறுத்தின எடத்துல அவனுக்கு உன் மூஞ்சி தெரியும். காபியா டீயான்னு கேக்கற குரல்ல கேளு. கேட்டதும் வாயை மூடிக்கோ. மனசுக்குள்ள பத்து எண்ணு. பத்துக்குள்ள அவன் பேசிடுவான். பேசலன்னா இன்னொரு பத்து எண்ணு. நமக்கு என்ன ரயிலா போவுது?"

அவர் கேட்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றவர், மாலை போட்ட சாமி, பஞ்சாயத்துப் பிரமுகர், யாராயிருந்தாலும் அதே குரல். எட்டு, ஒன்பது எண்ணும்போது சிலர் "ரெண்டும்தாம்மா" என்பார்கள். அவர் தலைகூட அசைக்காமல் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

என்னால் அது முடியவில்லை. முதல் வாரம் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 'ஆம்பளையா' என்ற சொல் வரும்போது என் குரல் தாழ்ந்து, பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். ஒருவர் எழுந்து, "இன்னா சார், என்னப் பாத்தா எப்டித் தெரியுது உனுக்கு?" என்று சண்டைக்கு வந்தார். அதோடு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

காலையில் சீக்கிரம் வந்துவிடுவேன். அன்றைக்கு வேண்டிய படிவங்களை எடுத்து அடுக்கி, பதினோராவது கட்டத்தில், 'ஆண்களுடன் உறவு' என்ற இடத்தில், என் கறுப்பு மைப் பேனாவால் 'இல்லை' என்று எழுதி வைத்துவிடுவேன். இருபது படிவம், இருபது 'இல்லை'. கையெழுத்து நன்றாக இருக்கும். பிறகு ஆட்கள் வரும்போது நீலப் பந்துமுனைப் பேனாவால் மற்ற கட்டங்களைக் கேட்டு நிரப்புவேன். பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவிவிடுவேன். வருகிறவருக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை. அதை நான் மரியாதை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

தனசேகர் வந்தது அந்த நாட்களில். இருபத்தாறு வயது. படாளம் பக்கத்து ஊர். மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலை. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். மாமல்லபுரத்திலும் சொந்த ஊரிலும் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்திருந்தார். ஆணுறுப்பில் ஒரு புண். வலி இல்லை. டாக்டர் அன்று விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்த டாக்டர் பார்த்து, சிபிலிஸ் என்று பென்சிலின் போட்டு, இரத்தம் எடுத்து, என்னிடம் அனுப்பினார்.

எங்களிடம் ஆணுறை போடுவதைக் காட்ட மரத்தில் கடைந்த ஆணுறுப்பு மாதிரி ஒன்று இருந்தது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த யார் சார் செஞ்சது?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்துது. ஏன்?"

"அளவு சரியில்ல சார். கைப்புடி கெடையாது, உக்கார மாட்டேங்குது. எங்க பட்டறையில சொன்னா கருங்கல்லுல சூப்பரா ஒண்ணு போட்டுத் தருவோம். ஆயிரம் வருசம் நிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு நேரம் விறைப்பாக இருந்தவன், அவர் பேச்சில் தளர்ந்தேன். அவரும் தளர்ந்தார். அப்போது கேட்டார்.

"சார், இந்த நோவு பொம்பளைங்ககிட்டருந்துதான் வருமா?"

எங்கள் அறைச் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. விளக்குக் கம்பத்தடியில் சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண், எதிரே ஓர் ஆண், நடுவில் மண்டையோடு. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். நான் பத்து எண்ணியிருக்க வேண்டும். ஐந்து எண்ணியிருந்தால்கூடப் போதும்.

"ஆமா. பெரும்பாலும் அப்படித்தான்" என்றேன்.

"நா ஒரே ஒரு தபா தான் சார் போனேன், அதுவும் திருவிழாவுல. இனிமே பொம்பளைங்ககிட்ட போமாட்டேன்."

"நல்லது. கல்யாணம் பண்ணிக்கோ. எல்லாம் சரியாகும்."

அவர் என் மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி சார்" என்றார். ஒரு கட்டு ஆணுறை கொடுத்தேன். வெளியே பெண்களிடம் போனால் உபயோகிக்கச் சொன்னேன்.

அவருடைய எச்.ஐ.வி. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். தனசேகர் சொன்ன தேதியில் வந்தார். அப்போதும் இல்லை. வாயெல்லாம் பல்லாக, "தப்பிச்சேன் சார்" என்று படியிறங்கிப் போனார். இதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். என் அறைக்கு இரண்டு முறை அவர் கிருமி இல்லாதவராக வந்தார். கேட்டால் சொல்லக்கூடிய மனநிலையில் வந்தார்.

நான்கு வருடம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை கூடவே மனைவி கோமதி, ஐந்து மாதக் கர்ப்பம். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவருக்கும் பார்த்தோம். இருந்தது. சில மாதங்களாக இருமல் இருந்திருக்கிறது. கல் தூள் என்று பட்டறையில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று டாக்டர் இருந்தார். கோமதியை நர்ஸிடம் உட்கார வைத்துவிட்டு, தனசேகரின் பழைய படிவத்தை எடுத்து வரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"சபேசன், பதினொண்ணு மட்டும் கறுப்பு மையில இருக்கு. மத்ததெல்லாம் நீலம்."

அவரே எழுந்து பீரோவைத் திறந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் கறுப்பில் 'இல்லை'. அதே உயரம், அதே சாய்வு. ஒரு இடத்தில்கூட அடித்து எழுதவில்லை.

பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஆண்களோடு உறவு வைப்பவர்களுக்கு ஆணுறையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய வழவழப்பு ஜெல்லிப் பொட்டலங்கள். அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் பட்டால் உறை பிய்ந்துபோகும். இதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை.

"இதப் பிரிச்சாச்சா?"

"இல்லை, டாக்டர்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். படிவங்களை விளிம்பு தட்டிச் சரியாக அடுக்கினார். "அவர உள்ள கூப்பிடு. நீயே கேளு. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

தனசேகர் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன். பொம்பளையா, ஆம்பளையா, ரெண்டுமா. ஒரே மூச்சில் வரவில்லை, ஆனால் வந்தது. எண்ணினேன். ஆறு எண்ணும்போது அவர் பேசினார்.

"இப்போ கேக்கறீங்களே சார்."

பிறகு, கோபம் இல்லாமல், ஏதோ வழி சொல்வதுபோலச் சொன்னார். "அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். நா உக்காரும்போதே பேப்பர்ல 'இல்லை'னு எழுதி இருந்துச்சு. நீங்கதான் முன்னாடியே எழுதி வெச்சிட்டீங்களே. சரி, இங்க அத்தப் பத்திலாம் பேசக்கூடாது போலனு நெனச்சிகினேன். பொம்பளைங்ககிட்டருந்துதான் வரும்னும் சொன்னீங்க. அப்போ சம்பத்துகூட இருக்கறது சேஃப்னு ஆயிப்போச்சு எனக்கு."

சம்பத்து புதுப்பட்டினத்தில் வேன் ஓட்டுகிறவர். கல்பாக்கம் ஊழியர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களை மாமல்லபுரத்துக்கும் கூட்டிப் போகிற வேன். இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். சம்பத்துக்கும் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. "அப்புறம் ஏன்பா கல்யாணம் பண்ணிக்கிட்டே?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் தனசேகர் பதில் சொல்லிவிட்டார். "கோமதிய எனக்குப் புடிச்சுதான் சார் கட்டினேன். மாமா பொண்ணு இல்ல, யாரும் புடிச்சுத் தள்ளல. அவளையும் புடிக்கும், அவனையும் புடிக்கும். ரெண்டும் நெசம். நீங்க எதுனா ஒண்ணுதான் எழுதணும்னா, எனுக்குத் தெரியல சார், எத்த எழுதுவீங்களோ."

டாக்டர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கினார். கறுப்பு 'இல்லை'யை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'இருவரும்' என்று எழுதி, கையொப்பமிட்டார்.

கோமதிக்குப் பிரசவ வலி எடுத்ததும் போட வேண்டிய மாத்திரை, குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய சொட்டு மருந்து, இரண்டுக்கும் ஏற்பாடானது. அவளிடம் என்ன சொல்வது என்பதைத் தனசேகரிடமே டாக்டர் விட்டார். "நா சொல்லிக்கறேம்மா" என்றார் அவர். குழந்தை பெண். ஒன்றரை வயதில் பரிசோதித்தபோது கிருமி இல்லை. என் வேலையில் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில் அது ஒன்று. ஆனால் அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

இதுவரை எழுதியது டாக்டருக்குத் தெரிந்தது. மேல் அலுவலகத்துக்கும் தெரிந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது என்று நான் இருபது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தது.

அன்றைக்கே தனசேகர் என்னிடம் ஒன்று கேட்டார். "சம்பத்துக்கு நானே சொன்னா சண்ட வரும் சார். நீ குடுத்தியா நா குடுத்தேனான்னு. நீங்க போய் பொதுவா சொல்லுங்க, ரத்தம் பாத்துக்கோன்னு. அவன் பொண்டாட்டிக்கும் பாக்கணும் சார். என் தல போனாலும் சரி, அவன் பாக்கட்டும்."

டாக்டர் முறையைச் சொன்னார். வேன் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை என்று போ. தனசேகர் பெயர் வரக்கூடாது. சம்பத்து இல்லையென்றால் மறுபடி போ. மூன்று முறை போயும் பார்க்க முடியாவிட்டால் பதிவேட்டில் எழுதி மூடலாம். அதுதான் விதி.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுப்பட்டினத்தில் இறங்கினேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் வழக்கம்போல் இரண்டு பேனா. மீன் மார்க்கெட்டைத் தாண்டினால் வேன் நிற்கும் என்று தனசேகர் சொல்லியிருந்தார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். தெருக்குழாயடியில் நீல வேன் நின்றது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒருவர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு சிறுமிகள் ஆளுக்கொரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள்மீது தண்ணீரை வீசினார். பெரியவள், "யப்பா, சோப்பு கண்ணுல பூந்துச்சு" என்று கத்தினாள். தனசேகர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இடது கையில் தழும்பு. சுருட்டை முடி. முப்பது அடி தூரம்.

எழுந்து நடக்க வேண்டியதுதான். அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. என் ஒன்றுவிட்ட சகோதரியின் கணவர், கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்.

"என்ன சபேசா, மீன் மார்க்கெட்டில் உனக்கு என்ன வேலை? ஆத்தில் தெரியுமா?" என்று சிரித்தார்.

"ஒரு சிநேகிதனைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

"யாரு? இங்கேயா? சொல்லேன், எனக்குத் தெரியாத ஆளா?"

நான் எதையோ உளறினேன். இவர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அந்த வேன் ஓட்டுநரிடம் போய் என்ன பேசுவது? பிறகு இவர் அவரிடம் விசாரித்தால்? ஆபீஸில் எழுத்து வேலை என்று ஊரெல்லாம் சொன்னது என்னாவது? என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அடுத்து வந்த பஸ்ஸில் அவரோடு ஏறிவிட்டேன். பஸ் கிளம்பும்போது பார்த்தேன். சம்பத்து வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாடிக்கு வந்து பதிவேட்டில் எழுதினேன். 'வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் வெளியூர் சென்றிருப்பதாகத் தெரிந்தது.' அடுத்த வாரம் போகவேயில்லை. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினேன். அதற்கடுத்த வாரமும். மூன்று முறை ஆனது. விதிப்படி மூடினேன். அதற்குள் கறுப்புப் பேனாவால் எழுதுவதை விட்டிருந்தேன். மூன்றையும் நீலத்தில் எழுதினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்டேன். அது உண்மை. ஜெல்லிப் பெட்டி பிரிக்கப்பட்டது, தீர்ந்தது, மறுபடி வந்தது. 'இருவரும்' என்று சொன்னவர்கள் நான் நினைத்ததைவிட மிக அதிகம். கடைக்காரர்கள், கண்டக்டர்கள், என் ஊர்க்காரர்கள். நல்ல ஆலோசகர் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர்தான் போன மாதச் சால்வை. சம்பத்தை மட்டும் நான் மறுபடி தேடிப் போகவில்லை. தள்ளிப் போடப் போட, போவது இன்னும் வெட்கமாயிற்று.

தனசேகரைக் கடைசியாகக் காசநோய் வார்டில் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகி இருந்தார். கோமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னிடம் கேட்டார்.

"சம்பத்தப் பாத்தீங்களா சார்?"

"மூணு தடவை போனேன்பா. வீடு பூட்டியிருந்தது."

அவர் என்னையே பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "பூட்டி இருந்துச்சா சார்?" என்றார். "சரி சார்" என்றார். படிவத்தைப் பார்த்துவிட்டு முதல் நாள் சொன்ன அதே 'சரி சார்'. இருமல் வந்ததால் பேச்சு நின்றது. அடுத்த மாதம் படாளத்தில் அவர் வீட்டிலேயே இறந்துபோனார். அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பயிற்சி முடிந்து சால்வையோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் புதுப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். எதற்கு என்று தெளிவில்லை. சம்பத்தும் இறந்துவிட்டார் என்று கேட்டுவிட்டு வரத்தான் போனேன் என்று நினைக்கிறேன். வேன் ஸ்டாண்டில், "சம்பத்துன்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்ததும் ஓர் இளைஞன் குரல் கொடுத்தான். "அண்ணாத்த, உன்னத் தேடிகினு ஒரு பெரியவர் வந்துகீறாரு!"

வேப்பமரத்தடி பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். சுருட்டை முடி முழுக்க நரைத்திருந்தது. இடது கையில் தழும்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டைப்பையில் பார்வை நின்றது.

"ரெண்டு பேனா, விபூதி. கிளினிக் சார்தானே?"

நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் வேன் படியில் உட்கார்ந்தார். டீ சொன்னார். யாரும் கேட்காத தூரத்துக்கு அந்த இளைஞனை அனுப்பினார்.

"தனா உங்களப் பத்திச் சொல்லிக்கீறான் சார். அவனும் கோமதியும் வந்தாங்க. அவனுக்கு நிக்கவே முடியல. பஸ்ல வந்து எறங்கி, அங்க, அந்தக் கொழாயாண்ட குந்திகினான். கோமதிதான் என் வூட்டுக்காரிய தனியா கூட்டிகினு போயி சொல்லிச்சு. எல்லாத்தையும் சொல்லிச்சு சார், எங்க ரெண்டு பேரப் பத்தியும். அன்னிக்கு என் வூட்டுல வுழுந்த அடி இருக்கே! தொடப்பம் பிஞ்சு போச்சு. ஆனா மறுநாளே ரெண்டு பேரும் போயி ரத்தம் குடுத்தோம். எனுக்கு இருந்துச்சு. அவளுக்கு இல்ல. கடவுள் புண்ணியம்னு அவ சொல்லுவா. தனா புண்ணியம் சார் அது. ஒரு வருசம் லேட் ஆயிருந்தா அவளுக்கும் வந்துருக்கும். அப்பறம் மருந்து வந்துச்சு. இன்னி வரிக்கும் சாப்ட்டுகினு கீறேன்."

"கோமதி?"

"நல்லா கீது. அதுவும் மாத்திரதான். மாசாமாசம் க்யூல பாப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசாது சார், இத்தினி வருசமா. ஆனா சீக்கிரமே வந்து எனுக்கும் சேத்து டோக்கன் எடுத்து வெச்சிருக்கும். கைல குடுக்காது. பெஞ்சு மேல வெச்சிட்டுப் போவும்."

நான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை இதே இடத்துக்கு வந்ததை, எதிர்க் கடையில் உட்கார்ந்து பார்த்ததை, சோப்பு கண்ணில் பட்டுக் கத்திய சிறுமியை, பஸ் ஏறியதை, போகாமலே இரண்டு முறை எழுதியதை. சொல்லும்போது என் பார்வை ஜன்னல் தேடிப் போகாமல் பார்த்துக்கொண்டேன். சொல்லி முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எண்ணினேன். பத்தைத் தாண்டியது.

"தெரியும் சார்" என்றார் சம்பத்து. "தனாவுக்கு அன்னிக்கே தெரியும். வூடு பூட்டி இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களாமே. இங்க வந்து அத்தச் சொல்லிச் சொல்லி சிரிச்சான். சிரிக்க மூச்சே இல்ல, அப்டியும் சிரிச்சான். சாரு வர்ல மச்சான், வந்திருந்தா இப்டி சொல்லியிருக்க மாட்டாருன்னான்."

"எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். குழாய்க்குப் பின்னால், இப்போது மாடி வீடு நிற்கும் இடம்.

"எங்க வூட்டுக்கு அப்போ கதவே கெடையாது சார். ஓலைக் குடிசை. வாசல்ல கோணிதான் தொங்கிகினு இருந்துச்சு. எத்தப் பூட்டுறது?"

டீ வந்தது. இருவரும் குடித்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் மன்னித்துவிடுவார் என்று தெரிந்தது. அது எனக்கு மட்டும்தான் உதவும். பஸ் வரும் சத்தம் கேட்டது. இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். சிறிது யோசித்தார்.

"எழுதுங்க சார். பேரெல்லாம் மாத்திடுங்க, பொண்ணுங்க இருக்காங்க. வேன் கலரக்கூட மாத்திக்கோங்க. கதவு இல்லன்றத மட்டும் மாத்தாதீங்க."

மாற்றவில்லை.